போட்ட இலை

மருதப்பன் மடத்துக்கு வந்தபோது மத்தியானப் பந்தி தொடங்கவில்லை. நாட்டின் தானிய ஏற்றுமதியைக் கவனிக்கும் அதிகாரி அவர். தாண்டவ அடிகளுக்கு வெகுகாலச் சீடர்.

"தூங்கினவன் முகம் மாதிரி இல்லையே," என்றார் அடிகள்.

"துறைமுகத்தில் அரிசிக் கப்பல் நிற்கிறது, சாமி. ஒரு தீவுக்குப் போக வேண்டியது. நம்மை நம்பி அவர்கள் வேறெங்கும் வாங்கவில்லை. மழைக்கு முன்பே வாக்குக் கொடுத்தவன் நான். இப்போது மழை பொய்த்து, இங்கேயே அரிசி விலை ஏறுகிறது. அனுப்புவதா நிறுத்துவதா என்று நாளைக்குச் சொல்லியாக வேண்டும்."

"நிறுத்திவிடேன்."

"என் சின்ன வயதில் நமக்குத்தான் கப்பல் வந்தது, சாமி. பள்ளிக்கூடத்தில் அந்தக் கோதுமை உப்புமாவைத் தின்று வளர்ந்தவன் நான். இன்று நாம் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம். ஆனால் கொடுக்கிறவன் தன் வீட்டையும் பார்க்க வேண்டாமா?"

அடிகள் வாசலைப் பார்த்தார். வெயிலில் சாப்பாட்டுக்கு ஆட்கள் காத்து நின்றிருந்தார்கள்.

"போய்ப் பந்தியைக் கவனி."

அந்த மடத்தில் வெளியார் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மடத்தாரும் அங்கே வளரும் பிள்ளைகளும் உட்காருவார்கள். மருதப்பன் உற்சாகமாக எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கூடம் நிறைய இலை போட்டார். அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் பரிமாறினார்.

கடைசி வரிசைக்கு முன் கூடை காலியானது. நிரப்பப் போனவரைச் சமையல்கட்டு வாசலில் சமையல்காரி செங்கமலம் மறித்தாள்.

"இருப்பது மடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அண்டாவை எட்டிப் பார்க்காமல் இத்தனை இலை போட்டது யார்?"

மருதப்பன் அடிகளிடம் வந்தார்.

"சோறு போதாது, சாமி. கடைசி வரிசையை எழுப்பிவிடவா?"

"எழுப்பு."

மருதப்பன் வெறும் கூடையோடு வரிசையின் முன்னால் போய் நின்றார். எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"பரிமாற வந்தீர்களா, எங்களை வேடிக்கை பார்க்க வந்தீர்களா?" என்றார் ஒரு லாரி டிரைவர். வரிசையே சிரித்தது.

  மருதப்பன் திரும்பிப் போய், செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமல் அண்டாவைச் சுரண்டிக் கூடையில் அள்ளினார். பிள்ளைகளுக்கென்று அடியில் கொஞ்சம் விட்டுவைத்தார்.

பந்தி முடிந்தது. அந்தக் கொஞ்சத்தில் செங்கமலம் தண்ணீரை ஊற்றிக் கரைத்தாள். மடத்துப் பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள். ஒருத்தி இரண்டாம் முறை தம்ளரை நீட்டினாள். இல்லை என்று செங்கமலம் தலையசைத்தாள்.

மருதப்பன் தன் தம்ளரை அந்தச் சிறுமியின் பக்கம் நகர்த்தினார்.

"சாமி, அப்படியானால் கப்பலை அனுப்பச் சொல்கிறீர்களா?"

"நான் எழுப்பத்தானே சொன்னேன்," என்றார் அடிகள். "நீ ஏன் எழுப்பவில்லை?"

"இலை போட்டுவிட்டேனே, சாமி," என்றார் மருதப்பன், கஞ்சி குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே.