ராணி இல்லாத பெட்டியில் முட்டை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லில்லிபாய் தேனீ வளர்த்தார். கேட்டு வருகிறவர்களுக்குத் தொழிலும் சொல்லிக் கொடுத்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அவரிடம் கற்க வந்த ஏசுவடியான் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தேனீக்களிடம் வந்துவிடுவார். டீச்சரின் தோட்டத்திலேயே கீழ்வரிசையில் அவருக்கும் மூன்று பெட்டிகள் இருந்தன.

ஒரு நாள் அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"டீச்சரே, எனக்க மூணாம் பெட்டிக்கு நீங்க ராணி தரண்டாம்."

"ஏன் அண்ணா? அதுல ராணி செத்து மூணு வாரம் ஆச்சுல்லா?"

"ஆச்சு. ஆனா இன்னைக்குத் திறந்தா அடை பூரா முட்டை! அதுகளே ஒரு ராணிய உண்டாக்கிட்டு போல."

ஏசுவடியான் கையிலிருந்த தூக்குவாளியை நீட்டினார்.

"மொவ தந்து விட்டா. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்."

"ஜெபமலரா வச்சா?"

"பின்னே? பதிமூணு வயசுதான். விடியக்கு முன்ன எழும்பி எல்லாம் அவதான். தம்பிய குளிப்பாட்டுவா, சோறு கொடுப்பா, சொன்னபடி கேக்கலன்னா ரெண்டு அடியும் வைப்பா. அவளுக்க அம்மைய அப்படியே உரிச்சு வச்சிருக்கா. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"பள்ளிக்கூடம்?"

"ரெண்டு மாசமா போவல. அவளே வேண்டாம்னுட்டா."

"அம்ம செத்தப்ப அழுதாளா?"

"ஒரு சொட்டு விடல டீச்சரே. நாந்தான் தரையில உருண்டு அழுதேன். அவ எனக்குத் தண்ணி கொண்டு தந்தா."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது. மனுஷனுக்கு அன்று கனக்கவில்லை.

டீச்சர் தூக்குவாளியைத் திறக்காமல் ஓரமாக வைத்தார். ஈக்களை அடக்கும் புகைப்பானை எடுத்துக்கொண்டு கீழ்வரிசைக்கு நடந்தார். மூன்றாம் பெட்டியைத் திறந்து, அடை கட்டிய ஒரு சட்டத்தை உருவி, வெயிலில் பிடித்தார்.

"ஒரு அறைக்குள்ள எத்தனை முட்டை இருக்கு, பாருங்க."

ஏசுவடியான் கண்ணை இடுக்கினார். "ஒண்ணு... இல்ல, மூணு. இதுல நாலு."

"எங்க ஒட்டியிருக்கு?"

"சுவர்ல."

"ராணி ஒரு அறைக்கு ஒண்ணுதான் வைக்கும். அதுவும் அடியில, நடுவுல. இது வேலைக்கார ஈ வச்ச முட்டை. அதுக்க வயிறு கட்டை. அடிவரைக்கும் எட்டாது."

ஏசுவடியானின் முகம் தொங்கிப்போனது. "வேலைக்கார ஈ முட்டையிடுமா?"

"ராணி இருந்தா சாதாரணமா இடாது. ராணிக்க தாடையில ஒரு நீர் ஊறும். பக்கத்துல நிக்கிற ஈக்கள் அதை நக்கும். அதுகள்கிட்டேருந்து மத்ததுக்கு, அப்படியே பெட்டி பூரா அந்த மணம் போய்ச் சேரும். மணம் இருக்கும்வரைக்கும் வேலைக்கார ஈக்க உடம்புல ஹார்மோன் அடங்கிக் கெடக்கும், முட்டை ஊறாது. ராணி செத்தா மணம் நின்னுரும். பிறகு உடம்பு தானா மாறும்."

"மாறட்டுமே. பெட்டி பிழைக்குமே."

"பிழைக்காது. இது இணை சேராத ஈ. அதுக்க முட்டையில ஆண் ஈ மட்டும்தான் வரும். ஆண் ஈ தேன் கொண்டு வராது. முட்டை வைக்கிற ஈயும் பூவுக்குப் போறத நிறுத்திரும்."

"பூவுக்குப் போறத..." என்று தொடங்கிய ஏசுவடியான், "மொவளும் பள்ளிக்கூடம் போறத நிறுத்திட்டாளே" என்று முடித்தார்.

சட்டத்திலிருந்து ஒரு தேனீ இறங்கி அவர் கைமேல் ஊர்ந்தது. அவர் அதை உதறவில்லை. ஓர் அப்பனுக்கு அது கொடுமையான நேரம்.

"இதுகள கொன்னு போடணுமா டீச்சரே?"

"எதுக்கு? என்ன தப்பு செஞ்சுது?"

"அப்போ இன்னைக்கே ஒரு ராணிய விடுங்க."

"இப்ப விட்டா ராணியக் கொன்னுரும்."

"ராணிய காணாமத்தானே இப்படி ஆச்சு?"

"அது அப்போ. இப்போ தான்தான் ராணின்னு இருக்கு."

டீச்சர் மேல்வரிசைக்குப் போய்த் தன்னுடைய பெட்டி ஒன்றைத் திறந்தார். குஞ்சுத் தேனீக்களான வெள்ளைப் புழுக்கள் நிறைந்த ஒரு சட்டத்தை எடுத்தார். அதிலிருந்த தேனீக்களை மெதுவாகத் தட்டிவிட்டு, கொண்டுவந்து மூன்றாம் பெட்டியில் பொருத்தினார்.

"புழுவுக்கும் ஒரு மணம் உண்டு. அது பட்டா மாறின உடம்பு மெள்ளத் திரும்பும். ஒரு சட்டம் போதாது. வாரத்துக்கு ஒண்ணு வைக்கணும். பொறுத்துத்தான் பாக்கணும்."

"இந்தப் பெட்டிக்கு உங்க பெட்டி இருக்கு. எனக்க வீட்டுக்கு யாரு இருக்கா?"

"நாளைக்குக் காலையில சோறு நீங்க வையுங்க. மொவன நீங்க குளிப்பாட்டுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

ஏசுவடியான் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெட்டிக்குள் இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை.

"பெட்டி திரும்பிட்டுன்னு எப்படித் தெரியும்?"

"சுவர்ல முட்டை இருக்காது."

"எனக்க மொவ திரும்பிட்டான்னு?"

டீச்சர் பெட்டியை மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தார். மேலே வந்து, ஓரமாக வைத்திருந்த தூக்குவாளியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அழுவா அண்ணா. ஒரு நாள் அம்மயக் கேட்டுச் சின்னப்பிள்ள மாதிரி அழுவா. அன்னைக்கு நீங்க இங்க வந்துராதீங்க."