குளவி கேட்ட மூடி

அந்தக் காலத்தில் குளவி கட்டும் மண்கூட்டின் வாய் திறந்தே கிடக்கும். முட்டையிட்ட தாய்க்குளவி நொடிக்கொருதரம் உள்ளே எட்டிப் பார்த்துப் பூரித்துக்கொள்ளும். பூரிப்புக்குக் குறைச்சல் இல்லை. அது இரை தேடப் போன நேரம் பார்த்து எறும்புகள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அப்படிப் பறிகொடுத்த ஒரு குளவி, குயத்தி சிலம்பாயியிடம் வந்து அழுதது. அவள் சக்கரத்தில் கலயங்களும் அவற்றுக்கு மூடிகளும் வனைந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, ஒன் கலயத்துக்கெல்லாம் மூடி இருக்கு. எங்கூட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடேன். வயித்துல ரெண்டு முட்டைதான் மிச்சம்."

சிலம்பாயிக்கு மனசு இளகிவிட்டது. கூரையோரம் இருந்த கூட்டின் வாயை ஈர்க்குச்சியால் அளந்தாள். சக்கரத்தைச் சுழற்றி, சுண்டைக்காய் அளவில் ஒரு மூடி வனைந்து, நூலால் அறுத்தெடுத்தாள். குளவி முட்டையிட்டதும் அதைப் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

வெயில் ஏறியது. பச்சை மூடி காய்ந்து சுருங்கி, கூட்டுக்குள்ளேயே நழுவி விழுந்தது. மறுபடியும் எறும்புக்குத்தான் விருந்து.

"நீயும் ஒரு குயத்தியா!" என்று குளவி சீறியது.

யானைக்கும் அடி சறுக்கும். சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு எம்மேலதான் தாயி. கலயமும் மூடியும் ஒரே ஈரத்துல வனைஞ்சாத்தான் ரெண்டும் சேந்து சுருங்கும். காஞ்ச வாய்க்குப் பச்சை மூடி போட்டேனே, எம்புத்தி எங்க போச்சு! இந்தத் தடவை நீயே கட்டு. பிள்ளைக்கு வேணுங்கிற இரையை உள்ள வச்சு, ஈரம் காயுறதுக்குள்ள அதே மண்ணால மூடிரு. ரெண்டும் ஒண்ணா இறுகிரும். ஆனா பொறவு தொறக்கக் கூடாது. பிள்ளைதான் வளந்து ஒடச்சுக்கிட்டு வரணும். அது மொகத்த நீ பாக்க முடியாது."

குளவி கூரையோரத்துக் காலிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

"எறும்பு பாக்குமா?"

"பாக்காது."

"அப்ப நானும் பாக்க வேண்டாம்."

சக்கரத்தடியிலிருந்து ஈரமண்ணை உருட்டிக்கொண்டு போய்ப் புதுக்கூடு கட்டியது. பச்சைப்புழுக்களை உள்ளே அடைத்துக் கடைசி முட்டையை இட்டது. உள்ளே ஒருதரம் பார்த்தது. பிறகு மூடியது. இன்னொரு பார்வை பார்த்தால் தானே உடைத்துவிடுவோம் என்று பயந்து, குளவி விருட்டென்று பறந்துவிட்டது.

மழைக்குப் பின் ஒரு காலையில், மூடியைக் கடித்துத் துளைத்துக்கொண்டு ஒரு புதுக்குளவி வெளியே வந்தது.

அன்று முதல்தான் குளவிகள் ஈரமண்ணால் கூட்டை மூடிவிட்டு, பெற்ற பிள்ளையின் முகம் பாராமலே போய்விடுகின்றன.