ஆறடிக் காசோலை

மருந்துவாழ்மலை அடிவாரத்தில் ஓர் ஓலைக்கொட்டகை. மலையேறி இறங்குகிறவர்களுக்கு மதியம் அங்கே கஞ்சி கிடைக்கும். ஊற்றித் தருகிறவர் ஒரு பெண். வயது முப்பத்தெட்டு. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் அம்மா.

அவருடைய சீடர் நாகலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நாலு. நாகர்கோவில்காரர். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘அம்மா’ என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் நாகலிங்கம் வந்து பாத்திரம் கழுவுவார். கழுவி முடித்த பிறகு ஏதாவது கேட்பார்.

ஊரில் அவர் ஒரு போட்டி நடத்தினார். ‘பதினொருவர் கழகம்’ என்று பெயர். வெளிநாட்டில் வாராவாரம் நடக்கும் கால்பந்து ஆட்டங்களில் ஆடுகிறவர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, போனில் நாம் ஓர் அணி கட்ட வேண்டும். அவர்கள் அங்கே கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. ஒருவரைக் கேப்டன் ஆக்கினால் அவர் எடுக்கும் புள்ளி இரட்டிப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை ஆட்களை மாற்றலாம். ஐந்து மணிக்கு மேல் ஒரு நொடி தாமதமானாலும் முடியாது. அதில் நாகலிங்கம் பெற்ற பிள்ளைக்கும் இரங்க மாட்டார்.

சீசனுக்கு இருநூறு ரூபாய் கட்டணம். மாதாமாதம் முதல் மூன்று பேருக்குப் பரிசு. முடிவு வந்த ஏழாம் நாள் பணம் என்று விதியில் எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு பாத்திரம் கழுவி முடித்ததும் நாகலிங்கம் கேட்டார்.

“அம்மா, ஜனங்க நம்பணும்னா என்ன செய்யணும்?”

“இப்போ நம்பல்லியா?”

“நம்புதாவ. இன்னும் நம்பணும். அதுக்கு ஒரு விழா வச்சிருக்கேன். மூணு மாசப் பரிசையும் சேத்து ஒரே மேடையில குடுக்கணும். அந்தக் காலத்துல இந்தியாவுக்கு ஆடின ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன். ஆறடி நீளத்துல அட்டையில செக் அடிச்சாச்சு. ஆபீஸ் வாசல்ல நுழையாம சாய்ச்சுக் கொண்டு போனோம்.”

“விழா எப்போ?”

“அவருதான் தேதி குடுக்கல்ல. நாலு தடவை மாத்தியாச்சு.”

“பரிசு?”

“அது பேங்கில பத்திரமா இருக்கு. ஒரு ரூபா நான் தொடல்ல அம்மா.”

உண்மைதான். நாகலிங்கம் அடுத்தவர் காசில் கை வைக்கிறவர் இல்லை. அதனால்தான் மனசு உறுத்தாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரும் கேக்கல்லியா?” என்றார் அம்மா.

“ஒம்பது பேருக்குக் குடுக்கணும். எட்டுப் பேரு ஒண்ணு ரெண்டு தடவை கேட்டுட்டு விட்டுட்டாவ. ஒரு அம்மாதான் வாராவாரம் வாய்ஸ் மெசேஜ். பேரு பிரிஜித்தா. தூத்தூர் பக்கம் கடக்கரை. கருவாட்டு யாவாரம். முத மாசம் பதினஞ்சாயிரம் ஜெயிச்சாவ. ஏழு வாரம் விடாமக் கேட்டாவ. இப்போ ஆறு வாரமா ஒண்ணும் இல்ல. கோவம் தணிஞ்சிட்டு.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

“அந்த மெசேஜை எல்லாம் வரிசையாப் போடுங்க.”

நாகலிங்கம் போனை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

முதல் மெசேஜில் குரலுக்குப் பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும். “அண்ணா, நான் பிரிஜித்தாவாக்கும்! எனக்க பேரு முதல்ல வந்திருக்கு, பாத்தியளா? எங்க ஊரே இங்க நிக்கி! எல்லாரும் சேரணும்னு நிக்காவ, எப்படிச் சேரணும்னு சொல்லுங்க அண்ணா!”

“அந்த ஊருல பிள்ளைங்க நடக்கப் படிக்கும்போதே பந்தைத்தான் உதைக்கும்” என்றார் நாகலிங்கம். “அவங்க சொல்லி நாப்பத்திமூணு பேரு சேந்தாவ.”

மூன்றாவது மெசேஜில் பின்னால் சத்தம் இல்லை. “அண்ணா, பைசா எப்போ வரும்? கோயில் முற்றத்துல பாக்கிற ஆளெல்லாம் கேக்காவ. வந்திரும்னு சொல்லிட்டேன். எனக்கு அவசரம் இல்ல, ஆனா கேக்காவ இல்லியா.”

ஐந்தாவதில் குரல் தாழ்ந்திருந்தது. “அண்ணா, உங்களுக்கிட்ட நான் கமிஷன் வாங்கிட்டுத்தான் ஆளு சேத்தேன்னு சொல்லுதாவ.”

ஏழாவதில் பிரிஜித்தா திட்டினார். நல்லா, வாய் நிறைய, மூச்சு விடாமல் திட்டினார். கடைசியில், “ஒரு வார்த்த சொல்லப்பிடாதா அண்ணா?” என்று குரல் உடைந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“‘விழாத் தேதி விரைவில் அறிவிக்கப்படும்’னு. எல்லாருக்கும் அதுதான் போகும்.”

அம்மாவுக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

“அவங்க கட்டின அணியைக் காட்ட முடியுமா?”

“உங்களுக்குக் கால்பந்து தெரியுமா அம்மா?”

“தெரியாது. காட்டுங்க.”

நாகலிங்கம் காட்டினார். பதினோரு பேரின் படம். ஒரு படத்தின் மேல் மட்டும் சின்ன அடையாளம்.

“இவரு யாரு?”

“கேப்டன்.”

“நல்லா ஆடுவாரா?”

“பிரமாதமா ஆடுவாரு. ஆனா கால் ஒடிஞ்சு கிடக்காரு. மூணு வாரமாச்சு.”

“கால் ஒடிஞ்சவரை எதுக்குக் கேப்டனா வச்சிருக்காங்க?”

“அதானே. மறந்து...”

நாகலிங்கம் நிறுத்தினார். பிரிஜித்தா மறக்கிறவர் இல்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதுகூட ஆளை மாற்றுகிறவர். ஒருமுறை கரண்டு போய் நாற்பது நொடி பிந்திவிட்டார். நாகலிங்கம் மாற்றித் தர முடியாது என்றபோது, “விதி விதிதானே அண்ணா” என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டவர்.

நாகலிங்கம் அந்த ஊரின் மற்ற நாற்பத்துமூன்று பேரின் அணிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அந்த ஆட்டக்காரரை அங்கே எல்லாருக்கும் பிடிக்கும் போலிருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட அணிகளில் அவர்தான் கேப்டன். ஒருவரும் மாற்றவில்லை. ஒருவரும் விலகவும் இல்லை. கழகத்தின் கணக்குப்படி அத்தனை பேரும் உறுப்பினர்கள்தான்.

“திட்டினவரைக்கும் நம்மகூட இருந்தாவ” என்றார் நாகலிங்கம், தனக்குத்தானே.

அம்மா எழுந்து கஞ்சிப் பானையை இறக்கப் போய்விட்டார்.

கொட்டகையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பணம் அனுப்பப் போதாது. நாகலிங்கம் செருப்பையும் போடாமல் மலையில் பாதி தூரம் ஏறினார். வெயிலில் பாறை கொதித்தது. அங்கே நின்று ஒன்பது பேருக்கும் பணம் அனுப்பினார். மொத்தம் இருபது நிமிடம். மூன்று மாதம் தள்ளிப்போன காரியம் இருபது நிமிடத்தில் முடிந்ததில் அவருக்கே வெட்கமாக இருந்தது. விழாவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இறங்கி வந்து, “குடுத்தாச்சு அம்மா” என்றார்.

“கஞ்சி குடிங்க” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நாகலிங்கம் வந்தார். பாத்திரத்தைத் தொடவில்லை. கொட்டகைக் காலோரம் உட்கார்ந்துவிட்டார்.

“அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன் அம்மா. நேர்ல மன்னிப்புக் கேக்கணும்னு தோணிச்சு.”

“திட்டினாங்களா?”

“திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ‘வாங்க சார்’னு நாற்காலி எடுத்துப் போட்டாவ. பால் இல்லாம கட்டன்சாயா தந்தாவ. ‘பைசா கிட்டிச்சு சார், சந்தோஷம்’னாவ. அண்ணான்னு ஒரு தடவகூடச் சொல்லல்ல.”

அவர் கீழே கிடந்த ஓலைத் துணுக்கை எடுத்துக் கிள்ளினார்.

“ஊர்ல உங்களைத் தப்பாப் பேசினாங்களே, நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம் சார், அதெல்லாம் தீந்துபோச்சுன்னாவ. எப்படித் தீந்ததுன்னேன். அந்த நாப்பத்திமூணு பேருக்கும் அவங்களே இருநூறு இருநூறா திருப்பிக் குடுத்திருக்காவ அம்மா. கருவாடு வித்த பைசா.”

“ஏன்?”

“‘நான் சொல்லித்தானே சேந்தாவ’ன்னு சொன்னாவ. எப்போ குடுத்தீங்கன்னு கேட்டேன்.” நாகலிங்கத்தின் குரல் இறங்கியது. “‘யாரு என்னைக்குக் கேட்டாவளோ அன்னைக்கே’ன்னாவ.”

காற்றில் ஓலை சலசலத்தது. மலையிலிருந்து இறங்கிய இரண்டு பேர் கஞ்சிக்கு வந்து நின்றார்கள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். துவையலும் வைத்தார். அவர்கள் குடித்துவிட்டுப் போகும்வரை நாகலிங்கம் காத்திருந்தார்.

“அந்த எண்ணாயிரத்து அறுநூறையும் நான் குடுக்கப் பாத்தேன் அம்மா. வாங்க மாட்டேன்னுட்டாவ. ‘அது எனக்க வாக்குக்கு நான் குடுத்த பைசா சார். அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல’ன்னாவ.”

“அப்புறம்?”

“எந்திரிச்சு வந்தேன். நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன். கேப்டனை மாத்துவாவன்னு. மாத்தல்ல. அந்த ஊருல ஒருத்தரும் மாத்தல்ல.”

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எல்லாரும் சொல்லக் கேட்டவர்தான் அவர். தானே சூடாக ஊற்ற வேண்டியதை ஆறவிட்டது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐம்பத்து நாலு வயது ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“நாளைக்கு இந்த மாசப் பரிசுக்கு ஏழாம் நாளு” என்றார். “ஜெயிச்சது மூணு பேரு. மார்த்தாண்டத்துல ஒரு காலேஜ் பையன், திருநெல்வேலியில ரெண்டு பேரு. அவங்களை நான் பாத்ததுகூட இல்ல. கடக்கரை விஷயம் எப்படியோ வெளிய பரவிட்டு. அந்தப் பையன், ‘எனக்குப் பைசா வராதுன்னு தெரியும், அடுத்த சீசன் நான் இல்ல’ன்னு எழுதியிருக்கான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?”

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அம்மா. நாளைக்கே இவங்களுக்குக் குடுத்திட்டேன்னு வைங்க. அடுத்த மாசமும் சொன்ன நாள்ல குடுத்திட்டேன்னு வைங்க. இப்படியே குடுத்துக்கிட்டே வந்தா, பிரிஜித்தா திரும்பி வருவாவளா? அந்த நாப்பத்திமூணு பேரும் வருவாவளா?”

“தெரியாது.”

“அந்தப் பையனாவது?”

“அதுவும் தெரியாது.”

“பின்ன நான் எதை நம்பிக் குடுக்கட்டும்?”

அம்மா அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டு அவருக்கு நேரே திரும்பினார்.

“அவங்க திரும்பி வந்தாத்தான் சொன்ன நாள்ல குடுப்பீங்களா, அண்ணாச்சி?”