மாஸ்டரின் விசில்

"டாக்டரம்மா, இது புத்துநோயா?"

டிரில் மாஸ்டர் ஞானதுரை கேட்டார். குரல் பாதி, காற்று பாதி. நாலு மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. பயத்தை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

டாக்டர் ஆமினா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

தொண்டைக்குள் இரண்டு வெள்ளைக் குரல் நாண்கள். ஒன்றின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு சதை.

"பாலிப். பார்த்தா சாதுவாத்தான் தெரியுது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்லுவேன்."

"எப்படிம்மா வந்துச்சு? பீடி, சிகரெட்டுன்னு தொட்டதே இல்ல."

"கழுத்துல என்ன தொங்குது?"

"விசிலு."

"ஊதுவீங்களா?"

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட ஊதினதில்ல! நான் ஒரு சத்தம் போட்டா எண்ணூறு பயலும் கப்சிப். விசில் எல்லாம் தொண்டையில தெம்பில்லாதவனுக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி எழுதினார்.

வாய்வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு கீறல் இல்லை.

"ஒரு வாரம் பேச்சே கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது."

அடேயப்பா, அந்த ஒரு வாரம்! மனிதர் சிலேட்டில் எழுதியே காபி கேட்டார். சண்டையும் சிலேட்டிலேயே போட்டார். ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"புத்து இல்ல, மாஸ்டர்."

எண்ணூறு பயல்களை நடுங்க வைத்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அப்பாடா என்றிருந்தது.

"இனி பேசலாம். மெதுவா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எப்பம்மா கத்தலாம்?"

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார்.

வெளியே ஒரே சந்தைக்கடை. "முப்பத்தாறு! டோக்கன் முப்பத்தாறு!" நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்தது. ஒருவரும் திரும்பவில்லை.

மாஸ்டர் அந்தக் கரகரப்பைக் கேட்டார். நாலு மாதத்துக்கு முன் அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவர் கழுத்தைப் பார்த்தார்.

மாஸ்டர் விசிலை எடுத்து ஒரே ஒரு ஊது ஊதினார்.

கூடம் கப்சிப். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"முப்பத்தாறு," என்றாள் நர்ஸ், சாதாரணமாக.

கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர் எழுந்தார்.

மாஸ்டர் தொண்டையைத் தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை. கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி நர்ஸின் மேசைமேல் வைத்தார்.

"கழுவிட்டு ஊதும்மா. ஸ்கூலுக்குப் போற வழியில நான் வேற வாங்கிக்கிடுதேன்."