நடுவில் இருந்தவை

"நடுவுல ஒண்ணுமே இல்ல மேடம். என்னால முடியல."

ஞானசிகாமணிக்கு நாற்பத்து நான்கு வயது. பதினாறு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, ஆராய்ச்சி செய்ய வந்தவர். அவருடைய வழிகாட்டி டாக்டர் சுலைகா அவரைவிட எட்டு வயது இளையவர்.

எச்.ஐ.வி. துகள் செல்லைவிட்டு வெளியே வரும்போது யாருக்கும் தொற்றாது. அதன் உறைக்குள் ஒரு புரதம் உருண்டையாக அப்பியிருக்கும். பிறகு அந்தப் புரதம் துண்டுதுண்டாக வெட்டுப்படும். துண்டுகளில் பல மறுபடி சேர்ந்து கூம்பாகும். அதன் பிறகுதான் அது தொற்றும்.

ஒரு புதிய மருந்து இந்த மாற்றத்தை எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறது என்று, மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்துக் கண்டுபிடிப்பதே ஞானசிகாமணியின் வேலை.

"உருண்டை இருக்கு. கூம்பு இருக்கு. அவ்வளவுதான்."

"ஒதுக்கின படங்களைக் காட்டுங்க."

ஞானசிகாமணி தயங்கினார். பிறகு கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தார். 'கெட்டவை' என்று பெயர் வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

ஒன்றில் உருண்டை பாதி கரைந்திருந்தது. இன்னொன்றில் கூம்பு மூடாமல் வாய் பிளந்து நின்றது.

சுலைகா நெடுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் கெட்டதுன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"உங்க கட்டுரை. அதுல உருண்டை, ஒரு அம்புக்குறி, அப்புறம் கூம்பு. இந்த மாதிரி எதுவும் அதுல இல்ல. என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன்."

ஞானசிகாமணியின் தலை குனிந்தது.

"ஸ்கூல்ல ஒரு பொண்ணு, அந்தோணியம்மாள்னு பேரு. சோதனையில தன் கண்ணுக்குத் தெரிஞ்ச நிறத்தை அப்படியே எழுதியிருந்தா. புத்தகத்துல வேற நிறம். சிவப்பு மையில அடிச்சேன். அவ அழுதா. மறுபடி செஞ்சு பார்க்கக்கூட நான் விடல."

சுலைகா தன் அறைக்குப் போய் ஒரு பழைய வன்தட்டோடு வந்தார். அதைக் கணினியில் செருகினார்.

அதிலும் படங்கள். பாதி கரைந்த உருண்டைகள். மூடாத கூம்புகள். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி.

ஞானசிகாமணி திரையைப் பார்த்தார். பிறகு சுலைகாவைப் பார்த்தார்.

"இது... அந்தக் கட்டுரைக்கு எடுத்ததா?"

"ஆமா."

"ஏன் மேடம் அழிக்காம வச்சிருந்தீங்க?"

"அழிக்க வெட்கமா இருந்துச்சு."

"அப்ப ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"அதுக்கும் வெட்கமா இருந்துச்சு."

கண்ணாடிக்கு அப்பால் மற்ற மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சுலைகா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

கதவைத் திறந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க."