கதவில் எழுதிய சொல்

ரோஸ்லின் பண்ணையில் வைரஸ் காய்ச்சலுக்குத் தப்பியவை இரண்டே பன்றிகள். இரண்டும் தீவனத் தொட்டியை நக்கித் துடைக்கத் தொடங்கியதும், கால்நடை மருத்துவர் தாவீது அவற்றின் கொட்டில் கதவுகளில் சாக்பீஸால் ‘தேறியது’ என்று எழுதினார். அப்படி எழுதிவிட்டால் பொதுக்கொட்டிலுக்கு அனுப்பலாம் என்று அந்தப் பண்ணையில் அர்த்தம்.

ஆண்பன்றி முதலில் போனது. அங்கே புதிதாக வாங்கி விட்டிருந்த பன்றிகள் லேசாக இருமிக்கொண்டிருந்தன. அவை இருமியபடியே தின்று கொழுத்தன. ஆண்பன்றி மட்டும் அந்த இருமல் தொற்றிச் செத்துப்போனது.

மிச்சம் தாய்ப்பன்றி. அதை நம்பித்தான் ரோஸ்லின் பிழைப்பே ஓடியது. தாவீது தன் ஆய்வு வழிகாட்டி பூரணியிடம் ஓடினார். பூரணி வயதில் சின்னவர்தான். ஆனாலும் தாவீதுக்கு அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“கிருமி போயிடுச்சு மேடம். வெள்ளை அணுவும் பழையபடி வந்துடுச்சு. எண்ணிப் பார்த்துட்டுத்தான் எழுதினேன். அப்புறம் சாதாரண இருமல் எப்படிக் கொல்லும்?”

“ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க.”

தாவீது விழித்தார். ஆனால் வாங்கி வந்தார்.

நோயே காணாத ஒரு பன்றியின் ரத்தத்திலும் தாய்ப்பன்றியின் ரத்தத்திலும் ஈஸ்டைக் கலந்து, சற்று நேரம் வைத்திருந்து, நுண்ணோக்கியில் காட்டினார் பூரணி. முதல் கண்ணாடித் தகட்டில் வெள்ளை அணுக்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஈஸ்டை விழுங்கியிருந்தன. இரண்டாவதிலும் அணுக்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே ஈஸ்ட் கிடந்தது. ஏறக்குறைய ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

“ஏன் மேடம் சும்மா கிடக்குதுங்க?”

“அந்த வைரஸ் குடியிருந்தது எங்கேன்னு நினைச்சீங்க? இதே அணுக்களுக்குள்ளதான்; எண்ணிக்கை திரும்பிடுச்சு, கிருமியை விழுங்கற தெம்பு இன்னும் திரும்பல.”

தாவீது மறுபடி குனிந்து பார்த்தார்.

இருவரும் பண்ணைக்குப் போனார்கள். தாய்ப்பன்றி தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தது.

“பாவம் சார், துணையில்லாம தவிக்குது. எப்போ விடலாம்?” என்றாள் ரோஸ்லின்.

பூரணி உள்ளங்கையால் கதவிலிருந்த சொல்லை அழித்துவிட்டு, ‘பிழைத்தது’ என்று எழுதினார்.

“ரெண்டும் ஒண்ணுதானே டாக்டரம்மா?”

“இப்போதைக்கு இது இருக்கட்டும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். வேற சொல் எப்போ எழுதணும்னு அந்த ரத்தமே சொல்லும்.”

திரும்பும்போது தாவீது நின்றார். ஆண்பன்றி இருந்த கொட்டில் கழுவிக் காய்ந்து கிடந்தது. கதவில் அவருடைய கையெழுத்து அப்படியே இருந்தது: தேறியது. அவருக்கு அவமானமாக இருந்தது. கைக்குட்டையை எடுத்தார்.

“இதையும் அழிச்சிடட்டுமா மேடம்?”

“வேண்டாம். இனி எந்தக் கதவுல எழுதப் போனாலும், இந்த வழியாப் போங்க.”