பிரியாணிக் கூட்டத்தில் ஏழை தேடியது

ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும், ஏழைக்கு மருந்து வேண்டும் என்று பீடி சுற்றும் மாடத்தி தேர்தலில் நின்றாள். எம்.எல்.ஏ. கொழுந்தையாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிரியாணிப் பொட்டலம் தருவதாகச் சொல்லி லாரிகளில் ஆள் ஏற்றிவந்த தன் கூட்டத்துக்கே அவளைக் கூப்பிட்டார்.

“என் தொகுதியில ஏழையே கிடையாது. ஒருத்தரைக் காட்டு, நான் விலகிக்கிடுதேன். இல்லைன்னா நீ விலகிக்கிடணும்.”

“சரி அண்ணாச்சி” என்று மாடத்தி மைக்கை வாங்கினாள்.

“கூட்டம் முடிஞ்சதும் பொட்டலம் குடுப்பாங்க. ஏழையா இல்லாதவங்களுக்கு அது எதுக்கு? அவங்கல்லாம் இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க.”

ஒருவரும் அசையவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர், எழுந்ததாக நினைத்துவிடுவார்களோ என்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒருவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். அவர் எம்.எல்.ஏ.